லோஷினியின் காரில் அது இருந்ததா

லோஷினி இறந்துபோன காரில் அந்தச் சாதனம் இருந்ததா இல்லையா என்ற கேள்வி, அவளுடைய கருமாதி அன்றுதான் எங்கள் வீட்டுக்குள் வந்தது. அதுவரை அப்படி ஒன்று காரில் உண்டு என்பதே எங்களில் யாருக்கும் தெரியாது.

லோஷினி என் அண்ணன் மகள். அண்ணன் குணசீலன் தைப்பிங் ஊரில் ஒரு பள்ளிக்கூடத்தில் கிராணியாக, கணக்கெழுதும் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். அண்ணி தவமலர் வீட்டிலேயே துணி தைத்துக் கொடுப்பார். கல்யாணமாகி வெகுநாள் பிள்ளை இல்லாமல், இனி இல்லை என்று மனத்தைத் தேற்றிக்கொண்ட பிறகு பிறந்தவள் லோஷினி. எனக்குக் குழந்தைகள் இல்லை. அதனால் பாதி நாள் அவள் என் வீட்டில்தான் வளர்ந்தாள். நான் நடத்தும் பாலர் பள்ளியில் ஸ்லைடில் தலைகீழாக இறங்கி நெற்றியைக் கிழித்துக்கொண்ட முதல் பிள்ளையும் அவள்தான்.

படித்து ஆசிரியை ஆனாள். தூரத்தில் கிரிக் என்ற ஊரில் வேலை கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமை மாலை போவாள், வெள்ளிக்கிழமை பள்ளி விட்டதும் வீட்டுக்கு வருவாள். போக வர அண்ணன் புதுக் கார் வாங்கிக் கொடுத்திருந்தார். வெள்ளைக் கார். எங்கள் பேச்சில் காடி.

ஒரு வெள்ளிக்கிழமை நல்ல மழை. வழியில் லெங்கோங் ஊரைத் தாண்டி ஒரு வளைவில் கார் வழுக்கிப் பக்கவாட்டில் திரும்பி, ஓட்டுநர் பக்கம் மரத்தில் போய் மோதியது. பின்னால் வந்த லாரிக்காரர்தான் போலீசுக்குச் சொன்னார். பெண் வேகமாகப் போகவில்லை, எதிரே வண்டி எதுவும் வரவில்லை, பின்பக்கம் திடீரென்று இழுத்துக்கொண்டு போனது என்றார். டயர்கள் நன்றாகத்தான் இருந்தன. போலீசார் ஈரச் சாலை என்று எழுதி முடித்துவிட்டார்கள். நாங்களும் விதி என்று சொல்லி அழுதோம். வேறு என்ன சொல்வது?

கருமாதி அன்று சாப்பாடு முடிந்து, ஆண்கள் வாசலில் கூடாரத்துக்குக் கீழே உட்கார்ந்திருந்தார்கள். நான் கோப்பித் தட்டோடு போனேன். அண்ணனுடைய பழைய நண்பரின் மகன் ஜீவேந்திரன் அங்கே இருந்தான். விபத்தில் சிக்கிய கார்களைப் பார்த்து மதிப்புச் சொல்லும் வேலை அவனுக்கு. நல்ல பையன்தான். பேச்சுவாக்கில் கேட்டுவிட்டான்.

"அங்கிள், அந்த மாடல்ல நீங்க எடுத்தது லோ ஸ்பெக்கா, ஹை ஸ்பெக்கா?"

"சாதாரணம்தாம்ப்பா. ஏன் கேக்கற?"

"இல்ல, சும்மாதான். அதுல லோ ஸ்பெக்ல இஎஸ்சி வராது. அது மட்டும் இருந்திருந்தா..."

அவன் அப்பா அவன் தொடையில் கிள்ளியதை நான் பார்த்தேன். ஆனால் அண்ணி நிலைப்படியில் நின்றுகொண்டிருந்தார்.

"இருந்திருந்தா? என்னது அது?"

"ஒண்ணுமில்ல ஆன்டி."

"சொல்லு ஜீவா. என் பிள்ளை காடிதானே. சொல்லு."

அவன் கோப்பியைக் கீழே வைத்தான். "வளைவுல காடி வழுக்க ஆரம்பிச்சா, அது தானாவே கண்டுபிடிச்சிடும் ஆன்டி. எந்தச் சக்கரத்துக்கு எவ்வளவு பிரேக் வேணுமோ அதுவே பிடிச்சு, காடிய நேராக்கப் பார்க்கும். நாம ஒண்ணும் செய்ய வேணாம். புதுக் காடிங்கள்ல நிறைய இருக்கு. ஆனா ஒரே மாடல்லயே சிலதுல இருக்கும், சிலதுல இருக்காது."

அண்ணன் சட்டென்று தலை நிமிர்ந்தார். "இருக்கு. நம்ம காடில இருக்கு. 'எல்லாம் ஒண்ணுதான் அங்கிள், ரிம்மும் ரேடியோவும்தான் வித்தியாசம்'னு விக்கிற பையன் சொன்னான்."

"அப்படின்னா இருக்கும் அங்கிள்," என்று ஜீவேந்திரன் தரையைப் பார்த்துச் சொன்னான்.

அந்தக் கார் வாங்கிய கதை எங்கள் எல்லோருக்கும் தெரியும். அதே காரில் மேல் மாடல் வேண்டுமென்றால் சில மாதங்கள் காத்திருக்க வேண்டும். கடையில் இந்த வெள்ளைக் கார் ஒன்றுதான் தயாராக நின்றது. "பிள்ளை அவசரப்படுது, வேலைக்குச் சேர்றதுக்குள்ள கையில வேணுங்கிறா," என்று அண்ணன் வீட்டில் வந்து சொன்னார். அண்ணி, "அப்புறம் என்ன, எடுத்துக் கொடுங்க," என்றார். அவ்வளவுதான் நடந்தது.

கருமாதிக்கு வந்தவர்கள் போன பிறகு அண்ணி அண்ணனிடம் கேட்டார்.

"நிச்சயமா இருக்கா?"

"இருக்குன்னு சொல்றேன்ல."

"கம்பெனிக்குப் போன் போட்டு நம்பரைச் சொன்னா சொல்லிடுவாங்களாம். ஜீவா சொன்னான்."

"கேக்கிறேன்."

கேட்கவில்லை. மறுநாள் அண்ணி நினைவுபடுத்தியபோதும் கேட்கிறேன் என்றார். அதற்கு அடுத்த முறை அண்ணி கேட்டபோது துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். அன்றிலிருந்து அண்ணி அவரோடு பேசுவதை நிறுத்திக்கொண்டார். சண்டை இல்லை. தட்டில் சோறு போட்டு மேசையில் வைத்துவிட்டு உள்ளே போய்விடுவார். என்னைக் கூப்பிட்டு, "உங்கண்ணனுக்கு மாத்திரை தீர்ந்துபோச்சு, வாங்கிட்டு வந்துடு," என்பார். அண்ணன் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருப்பார்.

காரோடு வந்த கையேடு வீட்டில் இருந்தது. அண்ணி அதை எடுத்துப் பக்கம் பக்கமாகப் பார்த்தார். அந்தச் சாதனத்தைப் பற்றிப் படம் போட்டு எழுதியிருந்தது. ஆனால் அதே பக்கத்தின் கீழே, சில மாடல்களில் மட்டும் என்று சின்ன எழுத்தில் இருந்தது. எல்லா மாடலுக்கும் ஒரே கையேடுதான் அடிக்கிறார்கள். லோஷினியின் காரில் இருந்ததா என்று அதைப் பார்த்துச் சொல்ல முடியாது.

பிறகு கைப்பேசியில் அதைப் பற்றிய வீடியோக்களைப் பார்க்கத் தொடங்கினார். ஒருநாள் காலை என் பாலர் பள்ளி வாசலில் வந்து நின்றார். பிள்ளைகள் உள்ளே பாடிக்கொண்டிருந்தார்கள்.

"புஷ்பா, உன் காடிச் சாவியக் கொடு."

"எங்க அண்ணி போகணும்? நான் கொண்டுபோய் விடுறேன்."

"எங்கயும் போகல. கொடு."

என் காரில் ஏறி உட்கார்ந்து சாவியை ஒரு கட்டம் மட்டும் திருப்பினார். இன்ஜின் ஓடவில்லை. முன்னால் இருந்த விளக்குகள் எல்லாம் சிவப்பும் மஞ்சளுமாக எரிந்தன. அண்ணி குனிந்து ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"என்ன அண்ணி தேடுறீங்க?"

"மஞ்சள்ல ஒரு விளக்கு வரும். சின்னக் காடி படம், அதுக்குக் கீழ பாம்பு நெளியற மாதிரி ரெண்டு கோடு. சாவியத் திருப்பினதும் எரிஞ்சு, கொஞ்ச நேரத்துல அணையணும். எரிஞ்சா இருக்குன்னு அர்த்தம். பக்கத்துல எங்கயாவது அதே படம் போட்ட ஒரு சுவிட்சும் இருக்கும், சில காடில." ஸ்டியரிங்குக்குக் கீழே தன் முழங்கால் பக்கம் கையை விட்டுத் தடவினார். "உன் காடில ரெண்டுமே இல்ல."

"என் காடி பழசு அண்ணி. ரேடியோ பாடுறதே பெரிசு."

அண்ணி சிரிக்கவில்லை. "மழை பெஞ்சா நீ வெளிய போகாத," என்று சொல்லிச் சாவியை என் கையில் வைத்தார்.

அதற்குப் பிறகு அது ஒரு பழக்கமாகவே ஆகிவிட்டது. எங்கள் தாமான் குடியிருப்பில் யார் வீட்டு வாசலில் கார் நின்றாலும் அண்ணி போய்க் கேட்பார். யாரும் முடியாது என்று சொல்லவில்லை. பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்தவரிடம் யார் மறுப்பார்கள்? சாவியைக் கொடுத்துவிட்டுத் தள்ளி நிற்பார்கள். அண்ணி உட்கார்ந்து திருப்புவார், பார்ப்பார், இருக்கிறது அல்லது இல்லை என்று சொல்லிவிட்டு இறங்குவார். ஒவ்வொரு கம்பெனியும் அதற்கு ஒவ்வொரு பெயர் வைத்திருந்தது. எழுத்துகள் மாறினாலும் படம் மாறாது என்பதையும் தெரிந்து வைத்திருந்தார்.

பக்கத்து வீட்டு மலாய்க்கார அக்கா காக் மெரியமின் புருஷன் கமாருடின், கைமாற்றி வாங்கிய தன் காரின் பின்னால் ஒட்டியிருந்த வெள்ளி எழுத்துகளைக் காட்டிப் பெருமையாகச் சொன்னார். "இங்க பாருங்க, எழுதியே இருக்கு. என்னுதுல இருக்கு."

அண்ணி சாவியைத் திருப்பினார். அந்த விளக்கு எரியவில்லை. மறுபடியும் திருப்பினார்.

"எழுத்து மட்டும்தான் இருக்கு, கமாருடின் அபாங். யாரோ வாங்கி ஒட்டியிருக்காங்க."

காக் மெரியம் கையைத் தட்டிச் சிரித்துவிட்டார். "நல்லா வேணும்! ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சாரு. இவருக்கு ஸ்டிக்கரப் பார்த்துக் காடி வாங்கத்தான் தெரியும்!"

"உன்னையும் அப்படித்தானே வாங்கினேன்," என்றார் அவர். காக் மெரியம் அவரை அடிக்கக் கை ஓங்கி, பிறகு அண்ணியின் முகத்தைப் பார்த்தார். அண்ணி ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தார். காக் மெரியம் கதவைத் திறந்து அண்ணியின் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டார். கமாருடின் வீட்டுக்குள் போய்விட்டார்.

ஒருநாள் அண்ணி என்னிடம் சொன்னார். "எல்லார் காடியும் பார்த்தாச்சு. என் பிள்ளை காடிய நான் பார்க்கல. கூட்டிட்டுப் போ."

நொறுங்கிய கார் கமுந்திங்கில் ஒரு பட்டறை வளாகத்தில் கிடந்தது. இன்சூரன்ஸ்காரர்கள் எடுத்துப்போகும்வரை அங்கேதான் இருக்கும். வேண்டாம் அண்ணி, பார்க்க முடியாது என்று எவ்வளவோ சொன்னேன். நீ வராவிட்டால் பஸ்ஸில் போகிறேன் என்றார்.

பட்டறைக்காரர் மிஸ்டர் ஊய், வயிறு பெரிய, அரைக்கால் சட்டை போட்ட மனிதர். நாங்கள் யார் என்று சொன்னதும் முன்னால் நடந்தார். மூலையில் தகரக் கூரைக்குக் கீழே அது நின்றது. இடது பக்கத்திலிருந்து பார்த்தால் ஒன்றுமே ஆகாத கார் மாதிரி இருந்தது. வலது பக்கம் நான் போகவில்லை. அண்ணி போனார். கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். பிறகு சுற்றிக்கொண்டு இந்தப் பக்கம் வந்து, இடது கதவைத் திறந்தார்.

"மிஸ்டர் ஊய், இதுல பேட்டரி இருக்கா? சாவியத் திருப்பிப் பார்க்கணும்."

"மறுபடியுமா?" என்றார் அவர்.

"மறுபடியுமான்னா?"

அவர் என்னைப் பார்த்தார். நான் அண்ணியைப் பார்த்தேன்.

"அங்கிள் வந்தாரே, ஆன்டி. உங்க வீட்டுக்காரரு. அவரும் பேட்டரிதான் கேட்டாரு. நான் ஒண்ணு எடுத்து மாட்டிக் கொடுத்தேன். உங்களுக்குத் தெரியாதா?"

அண்ணி காரின் பக்கம் திரும்பினார். "மாட்டிக் கொடுங்க," என்றார்.

அவர் பேட்டரி கொண்டுவந்து மாட்டினார். அண்ணி இடது பக்க இருக்கையில் உட்கார்ந்து, நசுங்கிய ஓட்டுநர் பக்கமாகக் கையை நீட்டினார். உடைந்த கண்ணாடித் துண்டுகள் இருக்கையில் கிடந்தன. பின்பக்கம் பார்க்கும் கண்ணாடியில் லோஷினி மாட்டியிருந்த பிள்ளையார் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தார். அண்ணி முதலில் சுவிட்ச் இருக்கும் இடத்தைத் தடவிப் பார்த்தார். அங்கே வரிசையாகச் சதுரக் குழிகள், எல்லாவற்றையும் வெறும் கறுப்புப் பிளாஸ்டிக் வைத்து மூடியிருந்தார்கள்.

"சில காடில சுவிட்ச் இருக்காது. ஆனா அது இருக்கும்," என்றார் எனக்கோ தனக்கோ.

சாவியைத் திருப்பினார். விளக்குகள் எரிந்தன. நான் திறந்த கதவில் குனிந்து அண்ணியின் தோளுக்கு மேலே பார்த்தேன். இன்ஜின் படம், எண்ணெய்க் கிண்ணம், சீட் பெல்ட், பேட்டரி, பிரேக் எழுத்துகள், காற்றுப் பை. சின்னக் கார் இல்லை. நெளியும் கோடுகள் இல்லை.

அண்ணி அணைத்தார். திருப்பினார். அணைத்தார். மறுபடியும் திருப்பினார். ஒருவேளை விளக்கு ஃபியூஸ் ஆகியிருக்குமோ என்று விளக்குகளின் மேலிருந்த கண்ணாடியில் விரலை வைத்துத் தேய்த்தார். மிஸ்டர் ஊய் முகத்தைத் திருப்பிக்கொண்டு, சும்மா கிடந்த ஒரு டயரைக் காலால் தள்ளிக்கொண்டிருந்தார்.

கடைசியில் அண்ணி சாவியை விட்டுவிட்டார். "அவரு என்ன செஞ்சாரு?" என்று கேட்டார்.

"யாரு? அங்கிளா? ஒண்ணும் சொல்லல. நீங்க உட்கார்ந்திருக்கிற அதே சீட்டுலதான் உட்கார்ந்திருந்தாரு. மழை பிடிச்சிக்கிச்சு. நான் சாப்பிடப் போயிட்டு வர்றேன், இன்னும் அப்படியே இருக்காரு. கோப்பி வாங்கிக் கொடுத்தேன். கையில பிடிச்சிருந்தாரு, குடிக்கல."

"அழுதாரா?"

"நான் பக்கத்துல போகல, ஆன்டி."

வீட்டுக்கு வரும் வழியில் அண்ணி கண்ணாடி வழியாக வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். தாமானுக்குள் நுழையும்போது, "நான் பேசிக்கிறேன். நீ வாயத் திறக்காத," என்றார். இன்றைக்குப் பெரிய சண்டைதான் என்று நினைத்தேன். அண்ணனை எப்படிக் காப்பாற்றுவது என்றுதான் யோசித்துக்கொண்டு வந்தேன்.

அண்ணன் சமையலறை மேசையில் பயற்றங்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். அடுப்பில் மீன் பொரிந்துகொண்டிருந்தது. எங்களைப் பார்த்ததும் எங்கே போய் வருகிறோம் என்று கேட்கவில்லை. அண்ணியின் பாவாடை ஓரத்தில் ஒட்டியிருந்த கறுப்பு எண்ணெயைப் பார்த்தார்.

அண்ணி எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"இருந்துச்சுங்க."

அண்ணனின் கத்தி நின்றது. "என்ன இருந்துச்சு?"

"அதான். பாப்பா காடில. சாவியத் திருப்பினேன், லைட்டு எரிஞ்சுச்சு. நல்லா பார்த்தேன். புஷ்பாவும் பார்த்தா. நீங்க வாங்கின காடில ஒரு குறையும் இல்ல."

அண்ணன் என்னைப் பார்த்தார். மீனைத் திருப்பிப் போடுவதுபோல் அடுப்புப் பக்கம் போய்விட்டேன்.

"மலரு," என்றார் அண்ணன். "ஊய் உன்கிட்ட சொல்லலையா?"

"என்ன சொல்லணும்?"

"நான் போயிருந்தேன். பேட்டரி மாட்டிப் பார்த்தேன்."

"சொன்னாரு."

"அப்புறம் ஏன் பொய் சொல்ற?"

"வேற என்ன சொல்லச் சொல்றீங்க?" என்றார் அண்ணி. குரல் உயரவில்லை. "இல்லன்னு சொல்லவா? சொல்லி? நீங்க அந்தச் சீட்டுல மழையில தனியா உட்கார்ந்திருந்தீங்களாம். வீட்டுக்கு வந்து என் முன்னாலதான் சோறு சாப்பிட்டீங்க. நான் மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போயிட்டேன். பிள்ளை அவசரப்பட்டா, நீங்க வாங்கிக் கொடுத்தீங்க. எந்த அப்பன் செய்யமாட்டான்? இருந்துச்சுன்னே வச்சுக்குவோம். நீங்களும் அப்படியே வச்சுக்கங்க."

இவ்வளவு நாள் கழித்து அண்ணி அவரோடு பேசிய பேச்சு அது. நான் அடுப்பைப் பார்த்தபடியே அழுதுகொண்டிருந்தேன். இத்தோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று பிறகு பலமுறை நினைத்ததுண்டு. ஆனால் அண்ணனால் முடியவில்லை. அப்படி ஒரு மன்னிப்பை, பொய்யான காரணத்துக்காக, அவரால் வாங்கிக்கொள்ள முடியவில்லை.

"பிள்ளை அவசரப்படல," என்றார்.

"என்னங்க?"

"அவ காத்திருக்கேன்னுதான் சொன்னா, மலரு. கடையில வச்சே சொன்னா. 'மேல் மாடல்ல பாதுகாப்புக்கு என்னமோ கூட இருக்காம்ப்பா, நான் படிச்சேன், அதுவரைக்கும் பஸ்ஸுல போய்ட்டு வர்றேன்'னா. அது என்னன்னு நான் கேக்கல. எனக்குத்தான் அவசரம். டிரெயினிங் முழுக்க அந்த பஸ் ஸ்டாண்டுல பெட்டியத் தூக்கிக்கிட்டு நின்னா. மழையில நனைஞ்சுக்கிட்டு நின்னா. டீச்சரா ஆன பிறகும் என் பிள்ளை அப்படி நிக்கறத என்னால பார்க்க முடியாதுன்னு... முத நாள் வேலைக்கு அவ காடில போறத நான் பார்க்கணும்னு... விக்கிற பையன் எல்லாம் ஒண்ணுதான்னான். சரின்னுட்டேன். பாப்பா சரிப்பான்னுட்டா. வீட்டுல வந்து உன்கிட்ட மாத்திச் சொன்னேன். அவளும் பக்கத்துல நின்னுக்கிட்டு, ஆமாம்மா எனக்குத்தான் அவசரம்னா. என்னைக் காட்டிக் கொடுக்கல."

மீன் கருகும் வாசனை வந்தது. நான் அடுப்பை அணைத்தேன்.

அண்ணி எழுந்தார். ஏதாவது அடித்து உடைத்திருந்தால்கூடப் பரவாயில்லை என்று தோன்றியது. கூடையை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனார். மழை தூறத் தொடங்கியிருந்தது. கொடியில் கிடந்த துணிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கூடையில் போட்டார். உள்ளே கொண்டுவந்து மடிக்க உட்கார்ந்தார். எல்லாம் ஈரம். ஈரத் துணியையே மடித்து அடுக்கினார்.

மறுநாள் காலை கிள்ளானில் இருக்கும் தன் தங்கை வீட்டுக்குப் பஸ் ஏறிப் போய்விட்டார்.

அண்ணி திரும்பி வரமாட்டார் என்றுதான் அண்ணன் நினைத்தார். என்னிடம் சொல்லவில்லை, ஆனால் பாதி அலமாரியைக் காலிசெய்து அண்ணியின் சேலைகளைப் பெட்டியில் அடுக்கி வைத்திருந்ததைப் பார்த்தேன். அண்ணி கேட்டு ஆள் அனுப்பினால் கொடுத்துவிடலாம் என்று வைத்திருந்தார். தன் காரை எடுப்பதையே விட்டுவிட்டார். கடைக்கு நடந்தே போவார். நான்தான் அவ்வப்போது போய் அந்தக் காரை ஓட்டி நிறுத்திவிட்டு வருவேன்.

ஜீவேந்திரன் ஒருநாள் வந்தான். அன்று வாயைத் திறந்ததற்கு மன்னிப்புக் கேட்டான். போகும்போது சொன்னான். "அங்கிள், அது இருந்திருந்தாலும் காப்பாத்தியிருக்கும்னு யாராலயும் சொல்ல முடியாது. ரோட்டுல தண்ணி நின்னு டயர் அதுமேல மிதந்துட்டா எதுவுமே வேலை செய்யாது."

"ஆனா காப்பாத்தாதுன்னும் சொல்ல முடியாதுல்ல?" என்று அண்ணன் கேட்டார்.

"முடியாது அங்கிள்."

"சரிப்பா. உண்மையச் சொன்னியே," என்று அவன் கையைத் தட்டிக் கொடுத்தார்.

கிள்ளானுக்கு நான் அடிக்கடி போன் செய்வேன். அண்ணி சாப்பிட்டேன், தூங்கினேன் என்பார். அண்ணனைப் பற்றி நான்தான் ஆரம்பிப்பேன்.

"அண்ணன் மேல கோபமா அண்ணி?"

"கோபமா இருந்தா திட்டிட்டு வந்திருப்பேன் புஷ்பா. அவர் மூஞ்சியப் பார்த்தா பாப்பா பேசுறது கேக்குது. காத்திருக்கேம்ப்பா, காத்திருக்கேம்ப்பான்னு. அதான் தாங்க முடியல." பிறகு அவரே சொன்னார். "படிச்சுத் தெரிஞ்சு வச்சிருந்திருக்கா பாரு. பாதுகாப்புக்கு என்னமோ இருக்குன்னு. நமக்கெல்லாம் அவ போனப்புறம்தான் தெரிஞ்சுச்சு. அவளுக்கு முன்னாலயே தெரியும்."

போனை வைக்காமலே இரண்டு பக்கமும் அழுதோம்.

தீபாவளி வந்தது. தாமானில் எல்லார் வீட்டிலும் விளக்கு. அண்ணன் வீடு இருட்டாக இருந்தது. துக்க வருஷம், பலகாரம் சுடக்கூடாது. காக் மெரியம்தான் ஒரு தட்டில் தேங்காய்ப்பாலில் வேகவைத்த நாசி லெமாக் சோறு கொண்டுவந்து வைத்துவிட்டு, அண்ணனோடு வாசலில் சற்று நேரம் உட்கார்ந்துவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு ஒரு மத்தியானம். பிள்ளைகளை அனுப்பிவிட்டுக் கதவைப் பூட்டிக்கொண்டிருந்தேன். அண்ணன் நடந்தே வந்து நின்றார். கையில் குடையும் கார்ச் சாவியும் இருந்தன.

"மலர் போன் பண்ணா. பஸ்ஸுல வந்துக்கிட்டு இருக்காளாம். கமுந்திங் பஸ் ஸ்டேஷனுக்கு வரச் சொல்றா."

"நான் போய்க் கூட்டிட்டு வர்றேண்ணே."

"என்னைத்தான் வரச் சொன்னா." சாவியை உள்ளங்கையில் உருட்டிக்கொண்டே நின்றார். "நீயும் கூட வா. பின்னால உட்கார்ந்துக்க. நான் காடி ஓட்டி ரொம்ப நாளாச்சு."

போகும்போதே மழை பிடித்துக்கொண்டது. தைப்பிங்கில் அது வராத மத்தியானம் ஏது? அண்ணி நிலையத்தின் கூரை ஓரத்தில் ஒரு பையோடு நின்றிருந்தார். இளைத்துப்போயிருந்தார். அண்ணன் குடையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார். அண்ணன் பையை வாங்கிக்கொண்டு குடையை அண்ணி பக்கமே சாய்த்துப் பிடித்ததால், காருக்கு வருவதற்குள் அவருடைய ஒரு தோள் முழுவதும் நனைந்திருந்தது. அண்ணி முன்னால் ஏறினார். திரும்பி என்னைப் பார்த்து, "சாப்பிட்டியா?" என்றார்.

அண்ணன் சைக்கிளை விட மெதுவாக ஓட்டினார். வைப்பர் முழு வேகத்தில் அடித்தும் முன்னால் சரியாகத் தெரியவில்லை. பின்னால் வண்டிகள் வரிசை கட்டிவிட்டன. ஒருவன் விடாமல் ஹாரன் அடித்தான். இன்னொருவன் பக்கத்தில் வந்து கண்ணாடியை இறக்கிக் கத்திவிட்டுப் போனான். அண்ணன் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்திருந்தார், கண்ணில் தண்ணீர் வழிந்தது, துடைக்கக் கையை எடுக்கப் பயம்.

"ஓரமா நிறுத்திடவா, மலரு? எல்லாரும் ஹாரன் அடிக்கிறாங்க."

அண்ணி தன் முந்தானையை எடுத்து அவர் முகத்தைத் துடைத்துவிட்டார்.

"அடிக்கட்டும்," என்றார். "நீங்க இப்படியே போங்க."